ஆதாரம் கேட்பது அவிசுவாசமா?



"பிரசங்கத்துக்கு எதுக்குப் பாஸ்டர் லாஜிக்கும் ஆதாரமும்? ஆவியானவர் பேசுவார், ஜனங்க கேட்பாங்க." இப்படிச் சொல்லுகிற விசுவாசிகள் நம் மத்தியில் அநேகர். கேட்பதற்குப் பக்தியாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்போஸ்தலர் 17-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். தெசலோனிக்கேயில் பவுல் மூன்று ஓய்வுநாட்கள் வேதத்திலிருந்து எடுத்துக்காட்டி யூதரோடே வாதித்தார். பெரோயா ஊராரோ அவர் சொன்னது மெய்தானா என்று தினமும் வேதத்தைப் புரட்டிப் பார்த்தார்கள். பவுலையே சோதித்தார்கள்! அதற்காக வேதம் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை, மெச்சிக்கொள்ளுகிறது.

ஆதாரத்தோடு பேசுகிறவன் கேட்கிறவன் கையில் தராசைக் கொடுக்கிறான். சத்தத்தையும் கண்ணீரையும் மாத்திரம் வைத்துக் கூட்டத்தை எழுப்பிவிடுகிறவன் அந்தத் தராசைப் பிடுங்கிக்கொள்ளுகிறான். அயலானை நேசிக்கிறவன் இதில் எதைச் செய்வான்?

வில்லியம் வில்பர்ஃபோர்ஸ் என்ற தேவமனிதனைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1789 மே 12 அன்று, 29 வயதில், பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் அடிமை வியாபாரத்துக்கு விரோதமாக ஏறக்குறைய மூன்றரை மணி நேரம் பேசினார். எதிரே இருந்தவர்களில் பலருக்கு அந்த வியாபாரத்தால் லாபம். "பாவிகளே!" என்று இடி முழக்கியிருக்கலாம் அல்லவா? அவர் அப்படிச் செய்யவில்லை. இந்தக் குற்றத்தில் தனக்கும் பங்கு உண்டு, இதை அனுமதித்த நாம் எல்லாருமே குற்றவாளிகள் என்று ஆரம்பித்தார். அதற்குப் பிறகு கணக்கை எடுத்தார்.

லிவர்பூலைச் சேர்ந்த ராபர்ட் நாரிஸ் என்பவர், கப்பலில் அடிமைகளுக்கு நல்ல இடம், நல்ல சாப்பாடு, பாட்டு, நடனம் எல்லாம் உண்டு என்று சாட்சி சொல்லியிருந்தார். வில்பர்ஃபோர்ஸ் அதை ஒவ்வொன்றாய்ப் பிரித்தார். அந்த நடனம் சாட்டைக்குப் பயந்து ஆடினது. அந்தப் பாட்டு, பிறந்த தேசத்தை நினைத்துப் புலம்பினது. சரி, அவ்வளவு சுகம் என்றால் ஏன் சாகிறார்கள்? கடலிலேயே நூற்றுக்குப் பன்னிரண்டரை பேர். கரையேறி விற்கப்படுமுன் இன்னும் நாலரை பேர். புது இடத்தில் பழகுவதற்குள் மூன்றில் ஒரு பங்கு. மனுஷன் பொய்சாட்சி சொல்லுவான், சாவு சொல்லாது என்பதே அவர் வாதத்தின் சாரம்.

இந்த ஆதாரமெல்லாம் வானத்திலிருந்து விழவில்லை, பிரியமானவர்களே. தாமஸ் கிளார்க்சன் என்ற சகோதரன் 1787-இல் பிரிஸ்டல், லிவர்பூல் துறைமுகங்களில் அலைந்து மாலுமிகளை விசாரித்தார். கப்பல் ஆட்களின் பதிவேடுகளைத் தேடிப் பார்த்தார். லிவர்பூலில் ஒரு கடையில் கைவிலங்கையும், சாப்பிட மறுக்கிறவர்களின் வாயைப் பலவந்தமாய்த் திறக்கும் கருவியையும் விலைகொடுத்து வாங்கினார். புரூக்ஸ் என்ற கப்பலில் மனுஷர் அடுக்கப்பட்டிருந்த விதத்தை அச்சிட்டு வீடு வீடாய் அனுப்பினார்கள். சட்டம் அதற்கு அனுமதித்தது 454 பேர். அதற்கு முன்னே ஒரு பயணத்தில் 600-க்கும் அதிகமானவர்களை ஏற்றினதாகச் சாட்சியம் உண்டு. ஜெபிக்கிறவர்கள்தான் இப்படி அலைந்தார்கள். முழங்காலும் வேண்டும், கால்நடையும் வேண்டும்.

உடனே ஜெயித்தார்களா? இல்லை. 1791-இல் ஓட்டெடுத்தபோது ஆதரவு 88, எதிர்ப்பு 163. கணக்கு தப்பு என்று நிரூபித்தா தோற்கடித்தார்கள்? பணப்பை பேசினது, அவ்வளவுதான். ஆதாரத்தில் இந்தச் சங்கடம் உண்டு. அது யாரையும் பலவந்தம் பண்ணாது, கேட்கிறவன் "மாட்டேன்" என்று எழுந்து போகலாம். வெறும் உணர்ச்சியால் அடிக்கிறவனுக்கு அன்று ராத்திரியே கைகள் உயரும், மறுவாரம் பார்த்தால் ஆளைக் காணோம். ஆனால் 1792-இல் 519 மனுக்கள் பாராளுமன்றத்துக்கு வந்து சேர்ந்தன. 1807-இல் 283 பேர் ஆதரவாகவும் 16 பேர் மாத்திரம் எதிராகவும் ஓட்டளித்தார்கள். நடுவே யுத்தமும் அரசியலும் மாறினது மெய்தான். ஆனாலும் அந்தக் கணக்கை யாரும் மறுத்துப்போட முடியவில்லை.

நம்ம மேடைகளைப் பாருங்கள். "ஒரு ஊரில் ஒரு சகோதரி..." என்று சாட்சி ஆரம்பிக்கும். எந்த ஊர்? யாரிடம் கேட்டீர்கள்? சுகம் கிடைத்ததென்றால் டாக்டர் சீட்டு எங்கே? இப்படிக் கேட்கிற வாலிபனை நாம் "அவிசுவாசி" என்று முத்திரை குத்தி உட்கார வைக்கிறோம். அவன் பெரோயா ஊரான் ஐயா! அவன் மெய்யைத் தேடித்தான் கேட்கிறான், பதில் இல்லாவிட்டால் சபையைவிட்டே போய்விடுவான். அடுத்த கூட்டத்தில் சாட்சி சொல்ல எழும்புகிறவர்கள் தேதியையும், பார்த்தவர்கள் யார் என்பதையும் எழுதிக்கொண்டு வாருங்கள். அந்தப் பையனை முன்வரிசையில் உட்கார வையுங்கள்.