வில்லன் முகம்

தாம்பரத்திலிருந்து கடற்கரை செல்லும் மின்சார ரயிலில் எனக்கு எதிரே ஒரு பாட்டியும் பேரனும் உட்கார்ந்திருந்தார்கள். பையன் கைப்பேசியில் 'எங்க வீட்டுப் பிள்ளை' பார்த்துக்கொண்டிருந்தான். நம்பியார் சாட்டையை ஓங்கியதும், "கட்டேலே போறவன்!" என்றாள் பாட்டி. குரோம்பேட்டை வந்தும் அவள் கோபம் ஆறவில்லை.

அது 1965-ஆம் வருஷத்துப் படம். நம்பியார் 2008-இல் காலமாகிவிட்டார். மது, மாமிசம் தொடாத மனிதர். ஆண்டுதோறும் பக்தர்களைச் சபரிமலைக்கு அழைத்துச் சென்ற குருசாமி. பாட்டியிடம் சொல்ல வாயெடுத்தேன், ஏனோ சொல்லவில்லை.

கான்ராட் வைட் என்ற ஜெர்மன் நடிகர் நினைவுக்கு வந்தார். மனைவி யூதப் பெண். 1933-இல் நாஜிகள் பதவிக்கு வந்ததும் நாட்டை விட்டே வெளியேறினார். போன இடத்தில் கிடைத்த வேஷம் என்ன தெரியுமா? 1942-இல் வந்த 'காஸாபிளாங்கா'வில் நாஜி அதிகாரி! எவர்களை வெறுத்துப் புறப்பட்டாரோ அவர்கள் சீருடையையே மாட்டிக்கொண்டு, ஜனங்களின் வசவைத் தம் முகத்தில் வாங்கிக்கொண்டார். மறு வருஷமே, ஐம்பது வயதில், மாரடைப்பில் போய்விட்டார்.

எமில் யானிங்ஸ் வேறு ரகம். வேலை பறிபோன ஹோட்டல் வாயிற்காவலனாக நடித்து உருக வைத்தவர். சிறந்த நடிகருக்கான முதல் ஆஸ்கார் பரிசும் அவருக்குத்தான். அவர் ஹிட்லரின் ஆட்சிக்குப் படம் நடித்துக் கொடுத்தார்.

நானும் வேஷம் கட்டுகிறவன்தான். என் கதைகளில் 'நான்' என்று வருகிறவன் இதுவரை ஒருமுறைகூடக் கயவனாக வந்ததில்லை. பயமா, ஆசையா?

பல்லாவரத்தில் பாட்டி எழுந்தாள். "அந்த ஆளு நெஜத்துல எப்படிடா?" என்று பேரனைக் கேட்டாள். அவன் படத்தை நிறுத்தாமலே இறங்கிப் போனான்.