பழைய வண்டியும் விற்பவன் வாய்மையும்

பொருளை விற்பவன் அதன் குறையை எடுத்துரைக்கக் கடமைப்பட்டவனா என்பது பழமையானதொரு வினா. மாடு விற்றோரிடத்தும் குதிரை விற்றோரிடத்தும் எழுந்த அவ்வினா, மோட்டார் வண்டி விற்கும் இக்காலத்தாரிடத்தும் எழுகின்றது. வாங்குவோன் முன்பின் அறியாதவனாயின் பலர் இதனை எளிதிற் றள்ளிவிடுவர். அவன் அடுத்த வீட்டானாய், ஒரு திருக்கோயிலில் உடன் நின்று வழிபடுவோனுமாயின் அங்ஙனந் தள்ள இயலாது மனம் கூசுகின்றது. அக்கூச்சம் எதனாலாயது, எதனைக் காட்டுகின்றது என்பன சைவ நன்மக்களால் ஆராயத் தக்கனவாம்.

ஓர் எடுத்துக்காட்டுக் கொள்வோம். 2015-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் தொடக்கத்திற் சென்னையைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. அடையாறு கரை புரண்டமையாற் கோட்டூர்புரம், சைதாப்பேட்டை முதலிய இடங்கள் நீரில் ஆழ்ந்தன. எண்ணிறந்த வண்டிகளும் மூழ்கின. நீர் வடிந்தபின் அவற்றுட் பல கழுவி உலர்த்தப்பெற்று மீண்டும் ஓடலாயின. மயிலாப்பூரில் வாழும் சைவ அன்பர் ஒருவரது வண்டியும் அவற்றுள் ஒன்றெனக் கொள்க. அஃது அலுவலகத்தின் கீழ்த்தளத்தில் நின்றிருந்தபோது இருக்கையளவு நீர் ஏறியது. அவர் வாழுந் தெருவில் அதனை அறிந்தார் எவருமிலர். அடுத்த ஆண்டு அவர் அதனை விற்கக் கருதுகின்றார். பிரதோடந்தோறும் கபாலீச்சரத்தில் அவரோடு வலம் வரும் அடுத்த வீட்டு அன்பர், தம் மகள் நாள்தோறும் வேலைக்குச் சென்று வருதற்பொருட்டு அதனைக் கேட்கின்றார். பழுது பார்ப்போனை அழைத்து வந்து காட்டலாமே என்று பிறர் கூற, "ஐயா ஓட்டிய வண்டிக்குச் சோதனையும் வேண்டுமோ?" என்று சொல்லிவிடுகின்றார்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியின் இயல்பு ஈண்டுச் சிறிது அறியற்பாலது. என்ஜினுக்குட் புகுந்த நீரை வெளியேற்றலாம், மெத்தைகளை மாற்றலாம், நாற்றத்தையும் போக்கலாம். ஆயின் இக்கால வண்டிகளின் உடல் முழுவதும் நரம்புகள் போல மின்கம்பிகள் ஓடுகின்றன. அவற்றின் இணைப்புகளிற் றங்கிய ஈரமும் வண்டலும் உடனே கேடு செய்வனவல்ல. திங்கள் பல சென்றபின் அவ்விணைப்புகள் மெல்ல மெல்லக் களிம்பேறி அரிக்கப்படும். வண்டி மோதுங்கால் விரிந்து உயிர் காக்கும் காற்றுப்பையை இயக்குங் கருவியோ, பெரும்பாலும் வண்டியின் தளத்தை ஒட்டியே பொருத்தப்பெறுவது; நீர் முதலிற் சென்று நிற்பதும் அவ்விடமே. ஆகலின் இன்று செம்மையாக ஓடும் வண்டி, காக்க வேண்டிய ஒரு நொடியிற் காவாதொழியலாம். இங்கு மறைக்கப்படுவது விலையில் ஏற்றத்தாழ்வு மட்டுமன்று. ஒரு பெண்ணின் உயிர்க்கு நேரக்கூடிய இடரும் அதனுள் அடங்கியுள்ளது.

இனி, அன்பர் பொய் ஏதும் கூறிற்றிலர். வண்டி நீரில் மூழ்கியதா என்று அயலவர் வினவவில்லை, இவரும் சொல்லவில்லை. கேளாததைச் சொல்லாமை குற்றமாமோ என்பர் சிலர். இதனை நம் நாட்டு உடன்படிக்கைச் சட்டமும் கருதியுள்ளது. 1872-இல் இயற்றப்பெற்ற அச்சட்டத்தின் 17-ஆம் பிரிவு, வாளா இருத்தல் மட்டும் வஞ்சனையாகாது என்று பொதுவிற் கூறி, அதற்குக் குதிரை விற்பனையையே எடுத்துக்காட்டாகத் தருகின்றது. நோயுற்ற குதிரையென்று அறிந்தும் ஏலத்தில் ஒன்றும் கூறாது விற்றவன் வஞ்சித்தவனாகான். ஆயின் வாங்குபவள் அவன் மகளாய், அணிமையிற்றான் உரிய வயதெய்தியவளாயின், அவ்வுறவு காரணமாக அவன் சொல்லியே தீரவேண்டும். "நீ மறுத்துக் கூறாவிடிற் குதிரை நன்றென்றே கொள்வேன்" என்று வாங்குவோன் கூறியவழி வாளா இருப்பின், அம்மௌனம் பேச்சோடொக்கும். சட்டம் செய்தோர் நுண்ணிதின் உணர்ந்தே இவற்றை வகுத்தனர். மௌனம் சிலவிடத்துப் பேசுகின்றதென்பதனை அவரும் உடன்பட்டார். மயிலாப்பூர் அன்பர் வழக்கு மூன்றாம் எடுத்துக்காட்டுக்கு மிக அணித்தாயது. சோதனை வேண்டாவென்ற அயலவர் சொல், மறுக்காவிடின் நன்றென்று கொள்வேன் என்பதன்றி வேறு யாது?

எனினும் சட்டம் வழக்குமன்றத்தில் மெய்ப்பிக்கத் தக்கவற்றின் எல்லையில் நின்றுவிடும். வினையோ மனம், வாக்கு, காயம் என்னும் மூன்றானும் ஈட்டப்படுவது. வாய் மூடியிருந்த பொழுதும், "இதனைச் சொன்னால் 50,000 ரூபாய் குறையும், ஆகலிற் சொல்லற்க" என்று மனம் தொழிற்பட்டதன்றோ? வாக்கு அடங்கினமையால் வினை நிகழ்ந்ததில்லை என்றல் யாங்ஙனம் பொருந்தும்?

இதனினும் நுண்ணியதொன்று உண்டு. அன்பர் வண்டியைப் பழுது பார்க்குமிடத்துக்குக் கொண்டுபோய் ஆராயச் செய்யவில்லை. ஏனென்று கேட்பின், "நன்றாகத்தானே ஓடுகின்றது" என்பர். ஆராய்ந்தாற் குறை தெரியும். தெரிந்தாற் சொல்ல நேரும். சொன்னால் விலை குறையும். ஆகவே தெரியாதிருத்தலே நலமென்று உள்ளத்தின் ஒரு மூலை துணிந்துவிட்டது. அத்துணிவு தம்முள் நிகழ்ந்ததென்பதே அவர்க்குத் தெரியாது. அவரை நெருக்கி வினவினும், "யான் எதனையும் மறைக்கவில்லை" என்று நெஞ்சார உரைப்பர். திருவருட்பயனில் இருண்மலநிலை உரைக்குமிடத்து உமாபதி சிவாசாரியர், புற இருளுக்கும் ஆணவத்துக்கும் உள்ள வேறுபாட்டினை விளக்கியருளினார். புற இருள் பொருள்களை மறைப்பினும் தன்னையேனும் காட்டும். ஆணவமோ பொருளையும் காட்டாது, தன்னையும் காட்டாது. சித்தாந்த வகுப்புகளிற் பலகாலும் ஓதப்படும் இவ்வுண்மையை ஏட்டளவிற் கொள்வார் பலர். பழைய வண்டியொன்றை விற்கப் புகுந்து, அதனைப் பார்க்காது விட்டது ஏனென்று தன்னையே வினவுவானாயின், ஆணவம் தன்னைக் காட்டாது நிற்றல் இத்தகையதென்பது அவனுக்கு அனுபவத்திற் புலப்படும். அறியாக் குறையைச் சொல்லும் கடமை எவர்க்கும் இல்லை; அறியாமையைத் தேடிக்கொண்டவர் அதனுள் அடங்கார்.

அற்றேல், மறைத்தல் இறைவன் ஐந்தொழிலுள் ஒன்றன்றோ, அஃதெங்ஙனம் தீதாகும் என வினவுவாரும் உளர். இவ்வினா வேடிக்கையாகத் தொடங்கி மெய்யான ஐயமாக முடிதலுண்டு. ஆகலின் விடை கூறுதல் தகும். இறைவன் மறைப்பது உயிரின்பொருட்டு. பக்குவமெய்தா முன்னர் உயிர் உலக நுகர்ச்சியில் ஈடுபட்டு மலம் பரிபாகமுறுதற்பொருட்டே திரோதான சத்தி மறைத்து நிற்கின்றது. அதனால் இறைவன் பெறும் பயன் யாதும் இல்லை. மருந்தின் கசப்பை மறைத்து ஊட்டும் தாயும் குழவியின் நலமே கருதினாள். விற்பவன் மறைத்தலோ மறைக்கப்பட்டவனுக்குக் கேடாய், மறைத்தவனுக்கு ஊதியமாய் முடிவது. இரண்டும் மறைத்தல் என்னும் ஒரு பெயர் பெற்றமையால் ஒன்றாகா.

மற்றொரு கூற்றும் உண்டு. அஃது இதனினும் கொடிது. "வாங்குவோன் நுகர்வது அவனது பிராரத்தம், குறையுடைய வண்டி அவனைச் சேரவேண்டுமென்பது ஊழாயின், யான் சொல்லினும் சொல்லாவிடினும் அஃது அவனைச் சேரும்" என்பது. இங்ஙனம் கூறின் கள்வனும் கொலைஞனும் குற்றமற்றவராய் முடிவர். வாங்கியவனுக்கு அது நுகர்ச்சியாயினும், விற்றவனுக்கு அதுவே ஆகாமியமாய் ஏறுகின்றது. ஒரே நிகழ்ச்சியில் ஒருவன் அறுக்க, மற்றவன் விதைக்கின்றான். மேலும், வினைப்பயனை உயிர்கட்குக் கூட்டுவிப்பது இறைவன் தொழில். அத்தொழிலுக்குத் தன்னைக் கருவியாக நியமித்துக்கொண்டவன்போற் பேசுதல், ஊழை நம்பியவன் பேச்சன்று.

இங்ஙனமெல்லாம் ஆராய்ந்து அல்லற்படுவதினும், நண்பருக்கும் அயலாருக்கும் வண்டி விற்காதிருத்தலே நன்று என்று உலகியலறிந்தோர் அறிவுரை கூறுவர். அதன்கண் ஓரளவு உண்மை உண்டு. விற்ற மறுநாளே பழுது தோன்றின், விற்றவர் அறியாதவராயினும் அவர்மேல் ஐயம் செல்லும். வாயிலில் எதிர்ப்படும் பொழுதெல்லாம் இருவர்க்கும் முகம் சுருங்கும். ஆயின் இவ்வறிவுரையைக் கைக்கொள்வோர் பெரும்பாலோர் கருதுவது பிறிதொன்று. நண்பனுக்கு விற்பின் குறையைச் சொல்லி விலையை இழத்தல் வேண்டும், அன்றிச் சொல்லாது நட்பை இழத்தல் வேண்டும். அறியாதவனுக்கு விற்பின் இரண்டும் இழக்க வேண்டுவதில்லை என்பதே அவர் கணக்கு. அஃதாவது, அறியாதவனுக்குச் சொல்லாது விடலாமென்பதை முன்னரே துணிந்துவிட்டனர். அவ்வறியாதவனும் எங்கோ ஒரு தெருவில் ஒருவனுக்கு அடுத்த வீட்டானே. அவனுக்கும் வேலைக்குச் செல்லும் மகள் இருத்தல் கூடும். சட்டம், மகளுக்குச் சொல்க, ஏலத்தில் எடுப்போனுக்குச் சொல்லவேண்டா என்று பகுத்தது. உயிர்தோறும் உயிர்க்குயிராய் இறைவன் நிற்கின்றான் என்று ஓதும் சைவனுக்கு அப்பகுப்பு எம்மட்டிற் செல்லும்? அடுத்த வீட்டானிடத்து எழுந்த கூச்சம் அவனுக்கு மட்டும் உரிய கடமையினின்று எழுந்ததன்று. எல்லார்க்கும் உரிய கடமை, பழகிய முகத்தின்முன் மறைய இயலாது வெளிப்பட்டதென்றே கொள்ளல் வேண்டும். பழைய வண்டி வாணிகரிடம் விற்பின் அவர் தாமே ஆராய்ந்து கொள்வர் என்பது பெரும்பாலும் மெய். எனினும், நீரில் மூழ்கியது என்று அவரிடத்தும் ஒரு சொற் சொல்லிவிடுதற்குத் தடை யாது?

வாங்குவோர் மட்டும் தூயரென்று கருதற்க. சந்தை விலை இதுவென்று நன்கறிந்தும், அறியாத அயலவர் குறைத்துக் கேட்ட விலைக்கு விரைந்து உடன்படுவோர் உளர். பெயர் மாற்றத்தில் நிகழும் சோர்வும் சிறிதன்று. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வண்டிச் சட்டத்தின்படி, ஒரு மாநிலத்துள் வண்டியை விற்றவர் 14 நாளுக்குள் விற்பனையை அறிவித்தல் வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் அறிவித்தல் வேண்டும். அதற்கென 29, 30 என்னும் படிவங்கள் உள. "நம்முள் என்ன அவசரம்" என்று நட்பின் பேரால் இதனைத் தள்ளிப்போடுவார் பலர். எவர் பெயரிற் பதிவுள்ளதோ அவரே உடையவர் எனச் சட்டம் கொள்ளும். விற்றுக் கைம்மாறிய பின்னரும், விபத்துக்குப் பதிவுபெற்ற உடையவரே பொறுப்பாவார் என உச்சநீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. பிறர் பெயரில் வண்டியோட்டி அவர் தலையிற் பழி சுமத்துதலும் நட்பைத் துணையாகக் கொண்டு இழைக்கும் தீங்கேயாம்.

வாய்மையின் அளவை அறிய வணிகர் குலத்துதித்த காரைக்காலம்மையார் வரலாற்றை ஈண்டு நினைத்தல் தகும். கணவன் விடுத்த மாங்கனி இரண்டனுள் ஒன்றை அடியார்க்கு அமுது செய்வித்தார் அம்மையார். உண்ணும்போது கணவன் மற்றையதையும் கேட்க, இறைவன் அருளாற் பெற்ற கனியை இட்டார். சுவை வேறுபட்டமை கண்டு அவன் வினவினான். திருவருட் செயலை வெளியிடலாகாதென்பது ஒருபுறம். நிகழ்ந்ததை மறைத்தல் கற்புநெறிக்கு ஒவ்வாதென்பது மற்றொருபுறம். அம்மையார் நடுங்கினார், பின்னர் நிகழ்ந்தவாறே உரைத்தார். அவர் வாளா இருந்திருப்பின் எவர்க்கும் கேடில்லை. கணவன் பெற்றது கேட்டதினும் உயர்ந்த கனி. மறைத்தற்குச் சமயக் காரணமே ஒன்று இருந்தது. அங்ஙனமிருந்தும் சொன்னார், சொன்னமையால் இல்வாழ்க்கையையே இழந்தார். பரமதத்தனோ தான் கண்டதை ஒருவர்க்கும் சொல்லாது, வாணிகத்தின்பொருட்டுக் கடல் கடப்பதாகக் கூறிக் கப்பலேறினான். கேடில்லாததொன்றையும் மறையாதவர் வரலாற்றைக் கேட்டுக் கண்ணீர் வார்ப்போர், கேடுடையதை மறைத்து விலை பேசுதல் எவ்வாறு?

மயிலாப்பூர் அன்பர் செய்யக்கூடியது அரிதன்று. வண்டி இன்ன நாளில் இவ்வளவு நீரில் நின்றது என்று அயலவரிடம் முதலிற் கூறி, தம் செலவிலேயே அதனை ஆராயச் செய்து, அதன் முடிவை அவர் கையிற் கொடுத்தபின் விலை பேசுதல் வேண்டும். மகளை அனுப்பும் தந்தையாகலின் அவர் வேண்டாவென்று மறுத்தலும் கூடும். மறுப்பின் வண்டி இன்னும் சில நாள் வாயிலிலேயே நிற்கும். வரும் பிரதோடத்தில் இருவரும் முன்போலவே கபாலீச்சரத்துக்கு நடந்து செல்வர்.