மாக்கோழியும் பயறு பர்கரும்

ஊன் உண்ணாத இல்லத்தில், ஊன் உணவின் வடிவத்தையும் பெயரையும் தாங்கிய ஒரு பண்டத்தைச் செய்து உண்ணலாமா? இவ்வினா இன்று நம் குடும்பங்கள் பலவற்றில் எழுகின்றது. வெளியூரில் படிக்கும் பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வருகின்றனர். பயற்றை வேகவைத்து மசித்து, வட்டமாகத் தட்டி, கல்லில் சுட்டு, இரண்டு ரொட்டிகளுக்கு நடுவே வைத்துத் தரும்படி கேட்கின்றனர். அதற்குப் பயறு பர்கர் என்று பெயர். முட்டை இல்லை, பால், வெண்ணெய், தேன் எதுவும் இல்லை, ஆகவே இது நம் தருமத்திற்கு முற்றிலும் உகந்தது என்பது பிள்ளைகளின் வாதம். "எதனால் செய்தால் என்ன? மாமிசத்தைப் போலச் செய்ததுதானே! நம் அடுப்பில் அதற்கு இடமில்லை" என்பது பாட்டிமாரின் வாதம். இரு சாராரும் கொல்லாமையின் பெயராலேயே பேசுகின்றனர். ஆதலின் இதை எளிதாக ஒதுக்கிவிட இயலாது.

ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குக் கற்பித்த முதல் விதி, அறிந்ததிலிருந்து அறியாததற்குச் செல்க என்பது. அம்முறையிலேயே இவ்வினாவை ஆராய்வோம்.

பண்டத்தை அறிவோம்

பர்கர் என்னும் பெயர் ஜெர்மனி நாட்டு ஹாம்பர்க் நகரின் பெயரிலிருந்து பிறந்தது. கொத்திய மாட்டிறைச்சியைத் தட்டையாக்கிச் சுட்டு ரொட்டிக்குள் வைத்து உண்ணும் வழக்கம் அமெரிக்காவில் பரவியபொழுது, ஹாம்பர்கர் என்னும் சொல் அவ்வுணவுக்கு நிலைத்தது. பிறகு அச்சொல் பர்கர் எனக் குறுகிப் பிற பொருள்களால் செய்தவற்றுக்கும் வழங்கலாயிற்று. வீகன் என்னும் சொல்லுக்கு வயது இன்னும் குறைவு. 1944-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் டொனால்டு வாட்சனும் அவர்தம் நண்பர்களும், பால், முட்டை ஆகியவற்றையும் விலக்கியவர்களைக் குறிக்க, வெஜிடேரியன் என்னும் சொல்லின் முதலையும் முடிவையும் சேர்த்து அதனை ஆக்கினர்.

செய்முறை கடினமானதன்று. ஒரு கோப்பை ராஜ்மா அல்லது தட்டைப்பயறு எடுத்துக்கொள்க. முறத்தில் பரப்பி, வண்டு துளைத்த பயறுகளைக் கவனமாக நீக்குக. வடிகட்டிய நீரில் விடியற்காலையில் ஊறவைத்தால் பிற்பகலில் வேகவைக்கலாம். கதிரவன் மறையுமுன் உண்டு முடிக்கலாம். முளை விடும் அளவுக்கு வைக்க வேண்டா. ஊறிய நீரைக் கொட்டிவிட்டுப் புதுநீரில் குக்கரில் நன்கு குழைய வேகவைக்க வேண்டும். ராஜ்மாவைப் பொறுத்தவரை இது சுவைக்காக மட்டும் கூறுவதன்று. பச்சை ராஜ்மாவில் இயல்பாகவே ஒரு நச்சுப்பொருள் உண்டு. அரைவேக்காட்டில் உண்டால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். நன்கு கொதித்து வெந்தால் அது அழிந்துவிடும்.

வெந்த பயற்றின் நீரை முற்றிலும் வடித்து, முக்கால் பங்கு மசியும்படி பிசைக. மேலை நாட்டார் உருளைக்கிழங்கும் வெங்காயமும் பூண்டும் சேர்ப்பர். உதிராமல் இருக்க முட்டையும் சேர்ப்பர். கிழங்கு விலக்கிய இல்லத்தில் வேகவைத்துத் துருவிய ஒரு வாழைக்காய் போதும். முட்டைக்கு மாற்றாக, வறுத்துப் பொடித்த அவல் மூன்று மேசைக்கரண்டி சேர்த்தால் நன்கு பிடிக்கும். சுக்கு, மிளகு, சீரகம், பெருங்காயம், உப்பு, நறுக்கிய கொத்தமல்லித்தழை சேர்த்து, அரை அங்குலக் கனத்தில் ஆறு வட்டங்களாகத் தட்டி, சிறிது நேரம் ஆறவிட்டுத் தோசைக்கல்லில் எண்ணெய் விட்டு இருபுறமும் சிவக்கச் சுட வேண்டும். அவசரப்பட்டுத் திருப்பினால் உடைந்துவிடும்.

கடையில் வாங்கும் ரொட்டியில் பால்பொடி கலந்திருக்கலாம். மேற்பகுதி பளபளக்க முட்டை பூசியிருக்கலாம். புளிக்கவைத்த ரொட்டியை விலக்குவோர் கனத்த கோதுமை ரொட்டியை வீட்டிலேயே சுட்டுக்கொள்ளலாம். பருப்பு வகைகளைக் காய்ச்சாத பாலுடனோ தயிருடனோ கலந்து உண்ணலாகாது என்னும் துவிதள விலக்கை நம்மில் பலர் கைக்கொள்கின்றனர். தயிர்க் குழம்பும் பாலாடைக்கட்டியும் சேராத இம்முறையில் அத்தோஷம் நேர்வதற்கே வழியில்லை.

இதுவரை பார்த்த அளவில், நம் ஆசாரத்தோடு பொருந்தாத பொருள் எதுவும் இதில் இல்லை. இனி, பாட்டிமாரின் ஐயத்தைப் பார்ப்போம்.

மாக்கோழி கூறும் பாடம்

ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்றாகிய யசோதர காவியத்தை அறியாத தமிழ்ச் சமணர் இலர். உஞ்சயினி மன்னன் யசோதரன் தன் தாய் சந்திரமதியிடம் தான் கண்ட தீய கனவு ஒன்றைக் கூறுகிறான். அத்தீங்கு நீங்க, தேவதைக்குக் கோழி பலியிடுமாறு தாய் வற்புறுத்துகிறாள். உயிர்க்கொலைக்கு அவன் உடன்படவில்லை. அவ்வாறாயின் மாவினால் கோழி செய்து பலியிடுக என்கிறாள். மன்னன் இசைகிறான், மாக்கோழி வெட்டப்படுகிறது. அங்கே ஒரு துளிக் குருதியும் சிந்தவில்லை. எனினும் அவ்வினையின் பயனாகத் தாயும் மகனும் மயிலும் நாயும் முதலாகப் பல விலங்குப் பிறவிகள் எடுத்து, கொன்றும் கொல்லப்பட்டும் துன்புற்று, கோழிகளாகவும் பிறந்து, அதன் பின்னரே மானிடப் பிறவி எய்தினர் என்கிறது காப்பியம்.

பாட்டிமாரின் வாதத்திற்கு இதனினும் வலிய சான்று வேண்டுவதில்லை. மாவினால் செய்த கோழியே பாவமாயின், பயற்றினால் செய்த மாமிசம் மட்டும் எவ்வாறு குற்றமற்றதாகும்?

இவ்விடத்தில் நிதானிக்க வேண்டும். அரண்மனையில் நிகழ்ந்த குற்றம் எது? மாவைப் பிசைந்தது குற்றமன்று. கோழி வடிவில் பிடித்ததும் தன்னளவில் குற்றமன்று. குழந்தைகள் மண்ணால் யானையும் கோழியும் செய்து விளையாடுகின்றனர். அதற்கு வினைப்பயன் இல்லை. மன்னன் வாளை ஓங்கியபொழுது அவன் உள்ளம் ஒரு கோழியின் உயிரைத் தேவதைக்கு அளித்தது. மாவு அங்கே உயிருக்குப் பதிலாள் ஆயிற்று. கொலையின் பயனை விரும்பி, கொலையின் பழியை மட்டும் விலக்க எண்ணியதே அவன் பிழை. நம் ஆசாரியர்கள் ஹிம்சையைச் சங்கல்பி, ஆரம்பி, உத்யோகி, விரோதி என நான்காக வகுத்தனர். அடுப்பு மூட்டுவதிலும் நீர் இறைப்பதிலும் நேர்வது ஆரம்பி ஹிம்சை. இல்லறத்தார் கவனத்தால் அதைக் குறைக்கலாமேயன்றி முற்றும் நீக்க இயலாது. கொல்ல வேண்டும் என்று கருதிச் செய்வது சங்கல்பி ஹிம்சை. இல்லறத்தாரும் இதனை முற்றும் விலக்கியே ஆக வேண்டும். மாக்கோழியில் நிகழ்ந்தது இந்தச் சங்கல்பமே.

வகுப்பறையில் இரு மாணவியர் ஒரே விடையை எழுதுவதுண்டு. ஒருத்தி தானே கணக்கிட்டிருப்பாள்; மற்றவள் பக்கத்துத் தாளைப் பார்த்திருப்பாள். தாளில் வேறுபாடு தெரியாது. வேறுபாடு மனத்தில் உள்ளது. பயறு பர்கரையும் அவ்வாறே நோக்க வேண்டும். தோற்றத்தை மட்டும் கொண்டு தீர்ப்பு எழுதலாகாது. "இதனை உண்ணும் மனம் எதனை விரும்புகின்றது?" என்று வினவ வேண்டும்.

பெயரும் வடிவும்

பெயரே குற்றம் எனில், நம் வீட்டு விருந்துகளில் பல காலமாக இடம்பெற்ற கட்லெட்டை என்ன செய்வது? கட்லெட் என்பது மேலை நாட்டில் விலா எலும்போடு வெட்டிய இறைச்சித் துண்டின் பெயர். காய்கறி கட்லெட் உண்ணும் நம்மவர் எவர் மனத்திலும் அந்நினைவு எழுவதில்லை. கறி என்னும் நம் சொல்லையே எடுத்துக்கொள்வோம். பழந்தமிழில் அது மிளகைக் குறித்தது. இன்று ஒரு வீட்டில் இறைச்சியைக் குறிக்கின்றது. நம் வீட்டிலோ காய்கறி என்று நாள்தோறும் வழங்குகின்றோம். கேட்பவர் மனத்தில் உள்ளதையே சொல் எழுப்புகின்றது. புலால் நினைவே இல்லாத குழந்தைக்குப் பர்கர் என்பது ரொட்டிக்கு நடுவே வைத்த ஒரு பண்டம், அவ்வளவே. தோழர்கள் உண்ணும்பொழுது தானும் அவர்களோடு அமர வேண்டும் என்பதே அதன் விருப்பம். அவ்விருப்பத்தைக் கொலை விருப்பமாகக் கருதிச் சினந்தால், குழந்தையின் மனத்தில் இல்லாத ஒன்றை நாமே விதைத்தவராவோம்.

ஆயினும் பாட்டிமாரின் அச்சம் முற்றிலும் பொருளற்றதன்று. 2016-ஆம் ஆண்டு அமெரிக்காவில் இம்பாசிபிள் பர்கர் என்னும் பண்டம் அறிமுகமாயிற்று. சோயாச் செடியின் வேர்முடிச்சில் உள்ள ஒரு செந்நிறப் புரதத்தை ஈஸ்ட்டின் வழியாக உருவாக்கி அதில் சேர்க்கின்றனர். சுட்டால் இறைச்சியின் மணமும், கடித்தால் குருதியின் நிறமும் தோன்ற வேண்டும் என்பதே நோக்கம். தாவரமேயாயினும், குருதியின் தோற்றத்தை விரும்பி ஒருவர் அதனை நாடுவாராயின், அரண்மனை மாக்கோழி நம் நினைவுக்கு வராமல் இராது.

ஏணியின் படிகள்

அவ்வாறாயின் அதனைச் செய்தவர் குற்றவாளிகளா? நான் அவ்வாறு கருதவில்லை. நாள்தோறும் மாட்டிறைச்சி உண்டு பழகிய ஒருவர், அச்சுவையை விட இயலாமல், ஆனால் உயிர்வதையை விட விரும்பி இதனை உண்பாராயின், அவர் கொலையிலிருந்து விலகி வருகின்றார். யசோதரன் கொல்லாதிருந்த நிலையிலிருந்து கொலையின் பக்கம் சாய்ந்தான்; இவரோ கொலையின் பக்கத்திலிருந்து கொல்லாமையின் பக்கம் நகர்கின்றார். இருவர் கையிலும் இருப்பது போலிப் பண்டமே. செல்லும் திசை வேறு.

நம் தருமம் படிகளை அறிந்த தருமம். சிராவகருக்குப் பதினொரு பிரதிமைகளை வகுத்து, ஒவ்வொரு படியாக ஏறச் சொன்னது. ஏணியின் ஒரு படி, கீழிருந்து வருபவருக்கு ஏற்றம். மேலிருந்து இறங்குபவருக்குத் தாழ்வு. புலால் உண்ணும் நண்பருக்குக் குருதி நிறப் பர்கரும் ஏற்றமாகலாம். பிறந்தது முதல் புலால் அறியாத நம் பிள்ளை, அச்சுவை எப்படி இருக்கும் என்று அறியும் ஆவலால் அதனை நாடினால், அது இறக்கம். ஆதலின் ஒரே பண்டத்தைப் பற்றி அனைவருக்கும் ஒரே விதி கூற முற்படுவது பொருந்தாது. வீட்டில் பயற்றைப் பயறாகவே சுவைக்கும்படி, சுக்கும் மிளகும் மணக்கச் செய்து உண்பது, இறக்கத்திற்கு இடம் தராத வழி. புலால் உண்ணும் தோழனைப் பிள்ளை அழைத்து வந்தால், அவனுக்கும் அதனையே பரிமாறுங்கள். கொல்லாமல் வயிறு நிறைய உண்ணலாம் என்பதை அவன் அன்று ஒருவேளையேனும் அறிவான்.

பால் பற்றிய வினா

இனி, பிள்ளைகள் நம்மை நோக்கிக் கேட்கும் வினாவுக்கும் விடை கூற வேண்டும். "பாட்டி, போலியைப் பற்றி இவ்வளவு ஆராய்கின்றீர்களே, நாம் அருந்தும் பாலைப் பற்றி ஆராய்ந்ததுண்டா?" என்கின்றனர். இதனைத் துடுக்கு என்று தள்ளலாகாது.

நம் முன்னோர் வீட்டுத் தொழுவத்தில் பசு நின்றது. கன்று குடித்த பின்னரே கறப்பர். பால் வற்றிய பசுவையும் சாகும்வரை காப்பது நல்லோர் வழக்கு. பாலுக்கு நம் நூல்கள் விலக்குக் கூறாமைக்கு அவ்வாழ்க்கை ஒரு பின்புலம். இன்று பால் பையில் வருகின்றது. அதனைத் தந்த பசுவையோ எருமையையோ நாம் கண்டதில்லை. பால் வணிகத்தில் ஆண் கன்றுக்குப் பயனில்லை; வற்றிய எருமைக்கும் பயனில்லை. அவை எங்கே செல்கின்றன? எருமை இறைச்சி ஏற்றுமதியில் உலகின் முன்னணி நாடுகளுள் நம் நாடும் ஒன்று என்பது, அவ்வினாவுக்கு விடையின் ஒரு பகுதி. உணவுப் பொதிகளில் உள்ள பச்சைப் புள்ளி, இதில் புலாலும் முட்டையும் இல்லை என்று மட்டுமே கூறும். பால் உண்டா இல்லையா என்று கூறாது. அதனாலேயே 2022-இல் வீகன் உணவுக்கெனத் தனி விதிகளை இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வகுத்தது.

இதனால் எல்லோரும் நாளையே பாலை விட வேண்டும் என்று நான் கூறவில்லை. பாலை விடுவோர் பி12 என்னும் உயிர்ச்சத்தை மருத்துவர் அறிவுரைப்படி மாத்திரையாகவேனும் பெற வேண்டும். பயற்றில் அது இல்லை. குழந்தைகளுக்கும் முதியோருக்கும் இதில் மிகுந்த கவனம் தேவை. ஆனால் ஓர் உண்மையை ஒப்புக்கொள்வோம். புலால் என்னும் படியில் பிள்ளைகளுக்கு நாம் ஆசிரியர். பால் என்னும் படியில் அவர்கள் நமக்கு முன்னே நிற்கின்றனர். மனம், மொழி, மெய் என்னும் மூன்றாலும், தான் செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்வாரை உடன்படுதல் என்னும் மூன்றாலும் ஹிம்சையை விலக்கச் சொன்ன தருமம் நம்முடையது. விலை கொடுத்து வாங்குவது செய்வித்தலில் சேருமா என்னும் வினா, பர்கரைவிடப் பாலிலேயே நம்மை நெருங்கி நிற்கின்றது.

முடிவாக

தாய்மார்களே! பயறு பர்கர் கேட்கும் பிள்ளையை அடுப்பங்கரையிலிருந்து விரட்டாதீர்கள். முறத்தை அவர்கள் கையில் கொடுங்கள். வண்டு துளைத்த பயற்றைப் பொறுக்கக் கற்பியுங்கள். நீரை ஏன் வடிகட்டுகின்றோம், ஏன் பொழுது சாயுமுன் உண்கின்றோம் என்று சொல்லுங்கள். பயறு வேகும் நேரத்தில் யசோதரன் கதையைச் சொல்லுங்கள். கதையின் முடிவில், "நாம் தட்டுவதும் மாக்கோழியா?" என்று அவர்களையே கேளுங்கள். விடையை நீங்கள் கூற வேண்டா, அவர்களே சிந்திக்கட்டும். பின்னர் அவர்கள் பாலைப் பற்றி உங்களைக் கேட்பார்கள். அப்பொழுது சினவாமல், நீங்களும் சிந்தியுங்கள்.