காரணம் கேளாத வழி

எங்கள் ஊர் ஒழுங்கைகளில் எதிர்ப்படுகிறவர்கள் "எங்கை போறியள்?" என்று கேட்பார்கள். அது விசாரணை இல்லை, ஒருவகை வணக்கம். "சும்மா உதிலை" என்றால் கேட்டவர் திருப்தியோடு போய்விடுவார். பின்னர் அதே கேள்வியைச் சோதனைச்சாவடிகளில் துப்பாக்கி ஏந்தியவர்கள் கேட்டார்கள். "சும்மா" என்ற பதில் அங்கே செல்லுபடியாகவில்லை. போகும் இடம், சந்திக்கும் ஆள், திரும்பும் நேரம் என்று எல்லாவற்றையும் ஒப்புவித்தால்தான் கால் அடுத்த அடி வைக்கலாம். புகலிடம் தேடி வந்த பின்பும் நாம் சொல்லிக்கொண்டிருந்தவை காரணங்களே. வெளிக்கிட்ட காரணம், இந்த நாட்டைத் தெரிந்த காரணம், திரும்ப முடியாத காரணம். காரணம் சொல்லிச் சொல்லியே இருக்க இடம் பெற்ற மனிதர் நாம். ஆகவே காரணமில்லாமல் நடப்பது என்பது நம்மில் பலருக்குக் கைவிட்டுப்போன ஒரு பழக்கம்.

சூரிச்சை அண்டிய மலைப்பாதைகளில் ஞாயிற்றுக்கிழமைகளில் நடப்பதைப் பற்றி நண்பர் ஒருவரிடம் சொன்னேன். இருபது வருடத்துக்கு மேலாக உணவகத்துக் குசினியில் நின்று உழைத்தவர் அவர். "அங்கை சனம் தன்ரை வளவுக்குள்ளை போகேலாமல் நிக்குது. உமக்கு இங்கை மலையிலை காத்து வாங்கிற கவலை" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் அந்தச் சொல் ஒரு கேள்வியாக என்னிடம் தங்கிவிட்டது. சொந்த ஊரின் பாதை மூடிக் கிடக்கையில் இன்னொரு நாட்டின் பாதையில் அழகு பார்த்து நடப்பது தகுமா?

பதில் தேடுமுன் அந்தப் பாதையைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். சூரிச் நகரம் ஏரியின் வடக்கு முனையில் இருக்கிறது. ஏரியின் மட்டம் கடலிலிருந்து 406 மீற்றர். நகரின் மேற்கே நிற்கும் ஊட்லிபேர்க் ஏறத்தாழ 870 மீற்றர். 1875இலிருந்து ரயில் ஓடுவதால் மலை ஏறும் பாடும் இல்லை. நிலையத்தில் இறங்கிப் பத்து நிமிடம் நடந்தால் உச்சி. அங்கிருந்து தெற்கே பெல்செனெக் வரை மலைமுகடு வழியே ஆறு கிலோமீற்றர் அளவில் ஒரு பாதை போகிறது. இடதுபுறம் மரங்களின் இடைவெளியில் ஏரி, வலதுபுறம் ஆழத்தில் ஒரு சிறு பள்ளத்தாக்கு, வானம் தெளிந்த நாளில் எதிரே பனிமலைகள். வயதானவர்களும் சிறு பிள்ளைகளும் நடக்கக்கூடிய பாதை. முடிவில் கேபிள் காரில் அட்லிஸ்வில்லுக்கு இறங்கி ரயிலில் நகருக்குத் திரும்பலாம். மலையே வேண்டாமென்பவர்களுக்கு நகரின் நடுவிலிருந்து ஏரிக்கரையோடு சூரிச்கோர்ன் வரை ஒரு சமதரைப் பாதை இருக்கிறது.

மலைமுகட்டுப் பாதையில் 1979இல் சூரிய மண்டலத்தின் மாதிரி ஒன்றை அமைத்தார்கள். ஒரு மீற்றர் பத்து இலட்சம் கிலோமீற்றருக்குச் சமம். இந்தக் கணக்கில் சூரியன் ஒன்றரை மீற்றருக்கும் குறைந்த ஒரு பந்து. அதிலிருந்து நூற்றைம்பது மீற்றரில் வரும் பூமி ஒரு சிறு கோலிக்குண்டின் அளவு. சூரிய ஒளி எட்டு நிமிடத்தில் கடக்கும் தூரத்தை நாம் இரண்டு நிமிடத்தில் நடந்து முடிக்கிறோம். கோலிக்குண்டைக் கடந்த பின்புதான் நினைவு வருகிறது, நாம் அடிபட்ட எல்லைகளும், தாண்டிய எல்லைகளும், இழந்த வளவும் அதற்குள்தான் இருந்தனவென்று. பாதையின் கடைசிப் பகுதி புளூட்டோவுக்குரிய தூரம். 2006இல் பிராகாவில் கூடிய வானியலாளர்கள் வாக்கெடுத்து அதன் கோள் என்ற அந்தஸ்தைப் பறித்தார்கள். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட கடிதம் கைக்கு வந்த நாளை அறிந்தவர்களுக்கு இது வேடிக்கையாகவும் இருக்கும், வேறுமாதிரியும் இருக்கும். புளூட்டோ தன் வழியில் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

இந்தப் பாதைகளில் எனக்கு மிகப் பிடித்தவை மஞ்சள் பலகைகள். அவற்றில் தூரம் எழுதியிருப்பதில்லை, நேரமே எழுதியிருக்கும். இன்ன இடத்துக்கு ஒரு மணி பத்து நிமிடம், இன்ன இடத்துக்கு நாற்பது நிமிடம். சமதரையில் மணிக்கு 4.2 கிலோமீற்றர் நடக்கும் ஒருவரை மனதில் வைத்துப் போட்ட கணக்கு அது. அந்த ஒருவர் ஆணா பெண்ணா, எந்த நாட்டவர், எந்த அனுமதி அட்டை வைத்திருப்பவர் என்று பலகை அறியாது. கால் உள்ளவர் என்று மட்டும் எடுத்துக்கொள்கிறது. நாம் இங்கே வாசிக்க நேர்ந்த எத்தனையோ அறிவித்தல்களில், நம்மை யாரென்று கேளாமல் நமக்கு உதவிய முதல் அறிவித்தல் இதுவாக இருக்கலாம்.

ஆனால் இதை இந்த நாட்டு இயற்கை தந்த வரமென்றோ இம்மக்களின் பிறவிக்குணமென்றோ எடுத்துக்கொள்வது தவறு. 1934இல் யொஹான் யாக்கோப் எஸ் என்ற பள்ளி ஆசிரியர் முன்னின்று நடைபாதைகளுக்கான அமைப்பைத் தொடங்கிய பிறகே ஒரே மாதிரியான மஞ்சள் குறிகள் நாடு முழுவதும் பரவின. மோட்டார் வாகனங்கள் பெருகித் தெருக்களை எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. பின்னர் 1979இல் நாடளாவிய வாக்கெடுப்பு ஒன்றில் நடைபாதைகளைப் பேணுவது அரசியலமைப்பில் ஏறியது. 1985இல் அதற்கான சட்டம் இயற்றப்பட்டு 1987இல் நடைமுறைக்கு வந்தது. ஒரு நடைபாதையை எடுக்க நேர்ந்தால் அதற்கு ஈடாக இன்னொன்று தரவேண்டும் என்பது அதன் சாரங்களில் ஒன்று. இதற்கெல்லாம் முன்பே, 1912இல் நடைமுறைக்கு வந்த குடியியல் சட்டத்தின் 699ஆம் பிரிவு, காட்டுக்குள்ளும் மேய்ச்சல் நிலத்துக்குள்ளும் அவ்வூர் வழக்கப்படி எவரும் செல்லலாம் என்றிருக்கிறது. காட்டுப்பழமும் காளானும் பொறுக்கலாம். காடு இன்னொருவருக்குச் சொந்தமாக இருக்கலாம். அதனூடாக நடக்கும் உரிமை எல்லோருக்கும் உரியது. இன்று நாடு முழுவதும் ஏறத்தாழ 65,000 கிலோமீற்றர் நடைபாதை இருக்கிறது. யாரோ கேட்டார்கள், யாரோ வாக்களித்தார்கள், யாரோ மழையில் நின்று பலகைக்கு மஞ்சள் பூசினார்கள். அதனால்தான் இருக்கிறது.

கேளாத இடத்தில் அது இல்லை. மலையிலிருந்து இறங்கி ஏரிக்கரைக்குப் போனால் இது விளங்கும். நகரின் கரையோர நடைபாதை ஏரியைத் தூர்த்து 1887இல் கட்டி முடிக்கப்பட்டது. பொதுமக்கள் உலாவுவதற்கென்றே தூர்த்தார்கள். நகர எல்லையைத் தாண்டியும் ஏரியைத் தூர்த்தார்கள். ஆனால் அங்கே அனுமதி பெற்றுத் தூர்த்தவர்கள் தனியார். நிலம் பல இடங்களில் வீட்டுப் புற்றரையாகி, வேலிக்குள் போய்விட்டது. ஒரே செயல் ஓரிடத்தில் பொதுவழியையும் இன்னோரிடத்தில் பூட்டிய படலையையும் தந்தது. சூரிச் மாநிலத்தில் ஏரிக்கரை நெடுகப் பாதை வேண்டுமென்று கேட்ட மக்கள் முன்மொழிவு 2024 மார்ச் 3ஆம் திகதி வாக்கெடுப்பில் தோற்றது. நடைபாதைகளை அரசியலமைப்பிலேயே எழுதிவைத்த நாட்டில், தண்ணீர் தெரிகிற தூரத்தில் நின்றும் தண்ணீரைத் தொடமுடியாத ஊர்கள் இருக்கின்றன. வழி என்பது ஒருமுறை பெற்று வைத்துக்கொள்ளும் பொருளாக இருந்ததில்லை.

இதைவிடக் கடுமையான வேலி கண்ணுக்குத் தெரியாதது. 1994 டிசம்பரில் வாக்கெடுப்பில் ஏற்கப்பட்டு 1995 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த கட்டாய நடவடிக்கைகள் சட்டத்தின்படி, வதிவிட அனுமதியில்லாத ஒரு வெளிநாட்டவரை இன்ன பகுதியை விட்டு வெளியேறக்கூடாது என்றோ, இன்ன பகுதிக்குள் நுழையக்கூடாது என்றோ அதிகாரிகள் கட்டளையிடலாம். சூரிச்சின் லெற்றன் பகுதியில் அப்போது நடந்த போதைப்பொருள் சந்தை அதற்கு ஒரு பெருங்காரணமாகச் சொல்லப்பட்டது. பிற்காலத்தில் புகலிட விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டவர்களையும் ஒரு கிராமசபை எல்லைக்குள் அடைத்துவைக்க அது பயன்பட்டது. மீறினால் சிறைத்தண்டனையும் கிடைக்கலாம். சூரிச் நகரிலிருந்து ஊட்லிபேர்க் வழியாகப் பெல்செனெக் போகிறவர் நகர எல்லையைத் தாண்டி ஸ்ராலிக்கோன் கிராம எல்லைக்குள் நுழைகிறார். நமக்கு அந்த எல்லை தெரிவதில்லை. இரண்டு மரங்கள், நடுவே சருகு, அவ்வளவுதான். கையில் அந்தக் கட்டளையை வைத்திருப்பவருக்கு அவ்விடம் குற்றம் தொடங்கும் இடம். மஞ்சள் பலகை அவரையும் போ என்றுதான் காட்டுகிறது.

அகதியும் நடையும் சேர்ந்த கதை இந்த நாட்டில் பழையது. 1765இல் ரூசோ கல்லெறிக்குத் தப்பிப் பீல் ஏரியின் நடுவேயுள்ள சென் பீற்றர் தீவுக்கு வந்தார். எழுதிய நூல்களுக்காக நாடுகள் அவரைத் துரத்திக்கொண்டிருந்த காலம். சில கிழமைகள் தீவைச் சுற்றி நடந்தார், செடிகொடிகளைப் பார்த்தார், படகில் கிடந்தார். தன் வாழ்வின் மிக இன்பமான காலம் அதுவென்று பிறகு எழுதினார். பேர்ண் அரசு அவரை வெளியேறச் சொன்னது. அவர் கேட்டது விசித்திரமானது. தன்னை அங்கேயே ஆயுள் கைதியாக வைத்துக்கொள்ளும்படி கேட்டார். அதுவும் கிடைக்கவில்லை. இன்று அதே தீவுக்கு நடந்தே போகலாம். ஏரியின் மட்டம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தாழ்த்தப்பட்டதால் ஒரு நிலத்திட்டு மேலே வந்து தீவைக் கரையோடு இணைத்துவிட்டது. குடும்பங்கள் உலாவப் போகும் இடம் அது. துரத்தப்பட்டவனின் இன்பம் சிறிதாகவும் தற்காலிகமாகவும் இருந்தது. அதனால் அது பொய்யாகிவிடவில்லை. துரத்தியவர்களின் கட்டளையை இன்று யாரும் தேடிப் படிப்பதில்லை. அந்தச் சில கிழமை நடையை உலகம் இன்னும் படிக்கிறது.

இனி நமது பக்கம். நடக்கும் உரிமையைப் பற்றிப் பேசும்போது நாம் எப்போதும் மறிக்கப்பட்டவர்களின் வரிசையில் மட்டும் நின்றுவிட முடியாது. 1924இல் வைக்கத்தில் நடந்த போராட்டம் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்கானது. பெரியார் அதற்காகவே சிறை சென்றார். 1968இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் வழி கேட்டு நின்றபோது மறித்து நின்றவர்கள் அந்நிய இராணுவத்தினர் அல்லர். தமிழர். 1990க்குப் பின் மாவிட்டபுரம் உட்பட வலிகாமம் வடக்கில் மறித்தவர்களும் மறிக்கப்பட்டவர்களும் சேர்ந்தே வெளியேறினார்கள். மயிலிட்டி, பலாலி, வசாவிளான் என்று ஊர்ப் பெயர்கள் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. 2009க்குப் பிறகு நிலம் துண்டுதுண்டாக விடப்பட்டது. முழுவதும் இன்னும் விடப்படவில்லை. 2025 ஏப்ரலில் வசாவிளான்–பலாலி வீதி முப்பது வருடத்துக்கும் மேலான காலத்தின் பின் திறக்கப்பட்டபோது, நிபந்தனைகளையும் அதனோடு அறிவித்தார்கள். வாகனத்தில் போகலாம், இடையில் நிறுத்தக்கூடாது, நடந்து போகக்கூடாது. மற்றத் தடைகளை விட இந்தக் கடைசித் தடை என்னை அதிகம் யோசிக்க வைத்தது. வாகனத்தில் போகிறவர் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகிறார். நடக்கிறவர் நிற்பார், வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பார், இது இன்னாருடைய வளவு, இது இன்ன கிணறு என்று சொல்லுவார். நடப்பவரிடம் நினைவு இருக்கிறது. தடைசெய்தவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கிறது.

நண்பரின் கேள்விக்கு இப்போது வரலாம். இங்கே நாம் மலையேறாமல் வீட்டுக்குள் இருந்தால் அங்கே ஒரு முட்கம்பியும் விலகப்போவதில்லை. துக்கம் காப்பது வேறு, கால்களைக் கட்டிப்போடுவது வேறு. இது எளிதான பாதிப் பதில். மற்றப் பாதி அவர் சொன்னதன் நியாயத்திலிருந்து வருகிறது. அழகை மட்டும் வாங்கிக்கொண்டு, அதைத் திறந்து வைத்திருப்பது எதுவென்று கேளாமல் நடப்பவர், ஏரிக்கரையில் வேலி போட்டுக்கொண்டு அதற்குள் இருந்து தண்ணீர் பார்ப்பவரைப் போன்றவர். அவருக்கு இடம் கிடைத்துவிட்டது. அடுத்தவரின் இடம் அவருக்குப் பொருட்டல்ல. நடப்பது குற்றமில்லை. தனக்கு மட்டும் வழி இருந்தால் போதுமென்று நடப்பதுதான் குற்றம்.

எனவே நான் விளங்கிக்கொள்வது இதுதான். காரணம் சொல்லாமல் நடக்க முடிகிற இடத்தில்தான் மனிதன் சுதந்திரமாக இருக்கிறான். மற்ற உரிமைகளெல்லாம் தாளில் இருக்கலாம், இது காலில் தெரியவேண்டும். இந்த நாட்டுப் பிரசாவுரிமை பெற்று வாக்களிக்கக் கூடியவர்கள் இன்று நம்மில் ஏராளம். ஏரிக்கரையில் யாருக்கு வழி, முகாமில் இருப்பவர் எந்த எல்லைவரை நடக்கலாம் என்ற கேள்விகள் நம் கைக்கும் வாக்குச்சீட்டாக வருகின்றன. அவற்றை வெள்ளைக்காரரின் வீட்டு விவகாரமென்று ஒதுக்கிவிட்டு ஊர்ப் பாதைகளுக்காக மட்டும் கண்ணீர் விடுவது பொருந்தாது.

அதேபோல, வலிகாமம் வடக்கில் இன்னும் விடப்படாத நிலம் ஒருநாள் விடப்படும். அப்போது அளவையாளர் வருவார், பழைய உறுதிகளை எடுப்போம், கதியால் நடுவோம். காடு பற்றிய ஒழுங்கைகளைத் துப்புரவாக்குவோம். அந்த ஒழுங்கைகளால் யார் யார் நடக்கலாம் என்பதை அன்றைக்கு இராணுவம் முடிவு செய்யாது. நாம் முடிவு செய்வோம்.