மேலவைப் பிரபுவும் மாத்தளைக் குடிகளும்

1847 மே மாத இறுதியில் இலங்கையின் புதிய தேசாதிபதி கொழும்பில் வந்து இறங்கினார். பெயர் ஜோர்ஜ் பிங், ஏழாவது டோரிங்டன் பிரபு. வயது 34. 1831இல் தந்தை இறந்தபோது பட்டம் இவருக்கு வந்தது. பட்டத்தோடு பிரித்தானியப் பிரபுக்கள் சபையில் அமரும் உரிமையும் வந்தது. இவருக்கு யாரும் வாக்களித்ததில்லை. குடியேற்ற நாடு எதையும் ஆண்ட அனுபவமும் இவருக்குக் கிடையாது. அன்றைய பிரதமர் ஜோன் ரசல் பிரபு இவருக்கு உறவினர். அந்த உறவு ஒரு தீவின் தலைவிதியை இவர் கையில் கொண்டுவந்து வைத்தது.

பிரபுக்கள் சபை உறுப்பினர் ஒருவரின் வாழ்க்கையைப் பற்றி மாத்தளையில் வாழும் ஒருவர் இன்று ஏன் நினைக்க வேண்டும்? அவர் ஆண்ட காலம் மாத்தளை மண்ணில் இரத்தமாகப் பதிந்தது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிகிறது. பிறருக்காக முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர் எப்படி வாழ வேண்டும் என்ற கேள்வியை, அவருடைய வாழ்க்கையைப் போல அப்பட்டமாக நம் முன் வைக்கும் வேறொரு கதை இந்த மாவட்டத்தின் வரலாற்றில் இல்லை.

டோரிங்டன் வந்த ஆண்டு இலண்டனில் நிதி நெருக்கடி. கோப்பி விலை சரிந்தது. மாத்தளை, கண்டி மலைகளில் காடழித்துக் கோப்பி நட்ட துரைமார் கடனில் தவித்தார்கள். அரசாங்கத்தின் வருமானமும் வீழ்ந்தது. வருமானத்தை ஈடுகட்டும் வழியைத் தேசாதிபதியும் குடியேற்றச் செயலாளர் எமர்சன் டெனன்டும் தேடினார்கள். கோப்பி ஏற்றுமதியின் மீதிருந்த வரி கைவிடப்பட்டது. அந்த இடத்தை நிரப்பக் குடிமக்கள் மீது நேரடி வரிகள் வந்தன. 1848 ஜூலை முதலாம் திகதி அவை நடைமுறைக்கு வந்தன.

அந்த வரிகளை ஒரு மாத்தளை விவசாயியின் வீட்டுக்குள் நின்று பார்க்க வேண்டும். துப்பாக்கி ஒன்றுக்கு ஆண்டுக்கு இரண்டரைச் சிலிங். காட்டை ஒட்டிச் சேனை செய்பவனுக்குத் துப்பாக்கி ஆடம்பரப் பொருள் ஆகாது. காட்டுப்பன்றியிடமிருந்து குரக்கனைக் காப்பாற்ற அவனிடம் வேறு வழி இல்லை. நாய் ஒன்றுக்கு ஒரு சிலிங். இரவுக் காவலில் அவனுக்குத் துணை அந்த நாய்தான். கடை வைத்திருந்தால் அதற்கு ஒரு வரி. இவற்றுக்கு மேலே வீதிச் சட்டம்: வயதுவந்த ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்ய வேண்டும், அல்லது அதற்குப் பதிலாகப் பணம் கட்ட வேண்டும். பிக்குமாரையும் முதலில் அது விட்டுவைக்கவில்லை. அந்த வீதிகள் யாருக்காக? கோப்பி மூட்டைகள் கொழும்புக்குப் போவதற்காக. மூட்டைக்காரனின் வரி போயிற்று, அவன் மூட்டை போகும் வழியைச் செப்பனிடும் சுமை காணிக்காரனின் தோளில் ஏறியது. இதை நியாயம் என்று நம்பிய மனிதர்கள் கொடியவர்களாகப் பிறந்தவர்கள் அல்லர். அவர்களுடைய காதில் விழுந்த குரல்கள் எல்லாம் ஒரே பக்கத்திலிருந்து வந்தன. அவ்வளவுதான்.

ஜூலை 6ஆம் திகதி கண்டிக் கச்சேரியின் முன் மக்கள் திரண்டார்கள். வரிகளைப் பற்றி முறையிட வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். அந்த மாதம் 28ஆம் திகதி தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டா அரசனாக முடிசூட்டப்பட்டார். மாத்தளையில் அரசாங்கக் கட்டடங்களும் கோப்பிக் களஞ்சியங்களும் தாக்கப்பட்டன. வாரியப்பொலையில் படையினர் மக்களைச் சிதறடித்தார்கள். 29ஆம் திகதி இராணுவச் சட்டம் பிரகடனமாயிற்று. கலகத் தலைவர்களில் ஒருவரான வீரபுரன் அப்பு பிடிபட்டு ஆகஸ்ட் 8ஆம் திகதி கண்டியில் சுடப்பட்டார். அரசாங்கப் படையில் ஒருவரும் சாகவில்லை, ஒருவர் காயப்பட்டார். கலகம் சில நாட்களில் அடங்கிவிட்டது. ஆனால் இராணுவச் சட்டம் ஒக்டோபர் 10 வரை நீடித்தது. நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பது அந்த இடைப்பட்ட வாரங்களைத்தான். எதிர்ப்பு முடிந்த பிறகு நடந்த கொலைகளுக்கு எதிர்ப்பைக் காரணம் காட்ட முடியாது. படைமன்றங்களின் தீர்ப்பில் 18 பேர் உயிரிழந்தார்கள். மாத்தளையில் வீடுகளின் நெல்லும் மாடும் பறிக்கப்பட்டு ஏலத்தில் போயின. வட்சன் என்ற கப்டனின் பெயரில் வெளியான மிரட்டல் அறிவித்தல்களின் கையொப்பம் தம்முடையதல்ல என்று அவர் பின்னர் மறுத்தார். அந்தக் கையொப்பத்தை விசாரிப்பதற்கென்றே ஓர் ஆணைக்குழு இங்கே கூட வேண்டியதாயிற்று.

ஆகஸ்ட் 26ஆம் திகதி, படைமன்றம் தண்டித்த பிக்குவான குடாபொல தேரர் சுட்டுக் கொல்லப்பட்டார். காவி உடையோடு சுட்டார்கள். அரசாங்கத்தின் தலைமைச் சட்ட அதிகாரி செல்பி, தீர்ப்பை நிறைவேற்றுவதைத் தள்ளிவையுங்கள் என்று தேசாதிபதியிடம் நேரில் கேட்டார். தேசாதிபதி மறுத்துவிட்டார். தன் சொந்தச் சட்ட அதிகாரியே தயங்கும்போது ஒரு நாள் பொறுத்திருக்க முடியாத அவசரம் எங்கிருந்து வருகிறது? தன்னை யாரும் கேள்வி கேட்க முடியாது என்ற பழக்கத்திலிருந்து வருகிறது. பிறப்பினால் ஆசனம் பெற்றவர், வாழ்நாளில் ஒரு தடவையேனும் சாதாரண மனிதர் முன் நின்று தன் செயலுக்கு விளக்கம் சொல்லியிராதவர், அந்தப் பழக்கத்தை மாத்தளைக்கும் கொண்டுவந்தார். வள்ளுவர் செங்கோன்மையை அடுத்துக் கொடுங்கோன்மையையும், அதை அடுத்து வெருவந்த செய்யாமையையும் வைத்தார். நீதி தவறுவதோடு நில்லாமல் மக்களை அஞ்சவைக்கும் ஆட்சிக்குத் தனி அதிகாரமே தேவைப்பட்டது அவருக்கு. 1848இன் அந்த வாரங்களை அந்த மூன்றாம் அதிகாரத்தின் கீழ் வைத்துப் படிக்கலாம்.

இலண்டனில் கேள்வி எழுந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பாராளுமன்றத்தின் கீழவை ஹென்றி பெய்லியின் தலைமையில் ஒரு தெரிவுக்குழு அமைத்து விசாரித்தது. கிளாட்ஸ்டனும் டிஸ்ரேலியும் அதில் இருந்தார்கள். டோரிங்டன் 1850இல் பதவி விலகி ஊர் திரும்ப நேர்ந்தது. ஆனால் 1851இல் அவர் பிரபுக்கள் சபையில் தம் ஆசனத்திலிருந்து எழுந்து தம் பக்க நியாயத்தைத் தம் வாயாலேயே சொன்னார். கீழவையில் கொண்டுவந்த கண்டனத் தீர்மானம் தோற்றுப்போயிற்று. பின்னாளில் விக்டோரியா மகாராணியின் அரண்மனையில் பணிப் பிரபுவாக இருந்து 1884இல் இயல்பாக இறந்தார். பிரபு பேசுவதற்கு ஒரு சபை இருந்தது. மாடு ஏலம் போன மாத்தளைக்காரனுக்கு அப்படி ஒரு சபை எங்கும் இல்லை. கொங்காலேகொட பண்டா நூறு கசையடி பெற்று மலாக்காவுக்கு நாடுகடத்தப்பட்டு 1849இல் அங்கு மாண்டார்.

இப்போது, பதவியில் இருப்பவரின் சொந்த நலன் என்ற விடயத்துக்கு வருகிறேன். 1840களின் தொடக்கத்தில் தேசாதிபதி ஸ்டூவர்ட் மக்கென்சி முதல் நீதிபதிகள், மதகுருமார், அரசாங்க அதிபர்கள் வரை முடிக்குரிய காணிகளை வாங்கிக் கோப்பித் தோட்டக்காரர்களாக இருந்தார்கள். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உறுதி காட்ட முடியாத காட்டையும் தரிசையும் முடிக்குரியதாக்கியது. விற்ற அரசாங்கமும் வாங்கிய அதிகாரியும் ஒரே ஆளாக இருந்த காலம் அது. பத்தாண்டின் நடுவில் அரச ஊழியர் தோட்டம் வைத்திருக்கக் கூடாது என்ற தடை வந்தது. டோரிங்டன் தோட்டம் வாங்கினார் என்று நான் குற்றம் சாட்டவில்லை. அவருடைய விடயத்தில் உறைக்கும் பாடம் வேறு. ஒருவர் தம் பெயரில் ஓர் ஏக்கர்கூட இல்லாமலே ஒரு வர்க்கத்தின் நலனுக்கு ஆளாகிவிடலாம். யாரோடு விருந்துண்கிறோம், யாருடைய கடிதம் முதலில் பிரிக்கப்படுகிறது, யாருடைய நட்டம் நம் நெஞ்சைத் தொடுகிறது என்பவை எந்தச் சொத்துப் பட்டியலிலும் ஏறுவதில்லை. மனச்சாட்சி மட்டுமே வைத்திருக்கக்கூடிய பதிவேடு அது. நம் கோயில் தர்மகர்த்தாவுக்கும் கூட்டுறவுச் சங்கத் தலைவருக்கும் தொழிற்சங்கத் தோட்டத் தலைவருக்கும் அந்தப் பதிவேடு தேவை.

அதே ஆண்டுகளில் மாத்தளை வீதியில் இன்னொரு கூட்டமும் நடந்து வந்துகொண்டிருந்தது. கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளை, நாலந்தா கடந்து, மலைநாட்டின் வாசலான மாத்தளைக்கு வந்த நம் முன்னோர். கங்காணியின் பின்னால் வந்தார்கள். வாந்திபேதியும் பசியும் வழிநெடுக அவர்களை உதிர்த்தன. கோப்பிக்குச் சாலை வேண்டும் என்று சட்டம் செய்த அரசாங்கத்துக்கு, அந்தச் சாலையின் ஓரத்தில் சாகக் கிடந்தவர்களுக்கு ஒரு மடம், ஒரு கிணறு, ஒரு வைத்தியர் வேண்டும் என்ற எண்ணம் மிகத் தாமதமாகத்தான் வந்தது. சிங்கள விவசாயி வரியால் நசுங்கினான், தமிழ்க் கூலி வழியில் விழுந்தான். இருவரின் துன்பத்துக்கும் ஊற்று ஒரே கோப்பிதான் என்பதை இந்த மாவட்டத்தின் இரு சமூகங்களும் சேர்ந்து நினைவுகூர்ந்ததாக எனக்குத் தெரியவில்லை. வருத்தத்தோடு சொல்கிறேன்.

டோரிங்டன் வந்து சரியாக நூறாண்டுகள் கழித்து நமக்கும் ஒரு மேலவை கிடைத்தது. 1947இல் தொடங்கிய செனட் சபையில் 30 பேர். 15 பேரைப் பிரதிநிதிகள் சபை தெரிவுசெய்தது, 15 பேரை மகாதேசாதிபதி நியமித்தார். கீழவை அவசரத்தில் செய்வதை ஆறுதலாகப் பார்த்துத் திருத்துவது மேலவையின் கடமை என்பார்கள். 1948இன் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அந்த மேலவையையும் கடந்துதான் போயிற்று. சுமார் ஏழு இலட்சம் மலையகத் தமிழர் நாடற்றவரானார்கள். மறு ஆண்டு அவர்களின் வாக்குரிமையும் போயிற்று. நிதானிக்க வேண்டிய சபை நிதானிக்கவில்லை. மாத்தளைத் தோட்டங்களின் லயங்களில் அந்தத் தீர்ப்பின் வடு மூன்று தலைமுறைக்கு நீடித்தது.

அதே சபையில் சோமசுந்தரம் நடேசன் இருந்தார். யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையில் 1904இல் பிறந்த சட்டத்தரணி. 1947 முதல் 1971 ஒக்டோபர் 2ஆம் திகதி சபை ஒழிக்கப்படும் வரை உறுப்பினராக இருந்தார். அவரும் மக்கள் வாக்கால் வந்தவர் அல்லர். ஆனால் அந்த ஆசனத்தை ஒதுங்கி இருக்கும் இடமாக அவர் கொள்ளவில்லை. 1971 கிளர்ச்சிக்குப் பின் ஆயிரக்கணக்கான சிங்கள இளைஞர்கள் சிறைகளில் கிடந்தபோது தோன்றிய குடியியல் உரிமைகள் இயக்கத்தின் நிறுவுநர்களில் அவரும் ஒருவர். சபை போன பிறகும் அவர் அடங்கவில்லை. பாராளுமன்றச் சிறப்புரிமையைப் பற்றிப் பத்திரிகையில் எழுதியதற்காக 1980இல் உயர் நீதிமன்றத்தில் எதிரியாக நிறுத்தப்பட்டு விடுதலையானார். எழுபத்தைந்து வயதைக் கடந்த ஒருவர், பாராளுமன்றம் தன் வழக்கில் தானே நீதிபதியாக இருக்கலாமா என்று கேட்டதற்காகக் கூண்டேறினார். டோரிங்டனுக்கும் நடேசனுக்கும் ஆசனம் ஒரே தன்மையது. மக்களிடம் வாக்குக் கேட்க வேண்டாத ஆசனம். ஒருவரை அது கேள்வியிலிருந்து காத்தது. மற்றவர் அதில் இருந்துகொண்டு கேள்வி கேட்டார். ஆசனம் மனிதனை ஆக்குகிறது என்ற சாக்கு இவர்கள் இருவரையும் அருகருகே வைத்துப் பார்த்தால் நிற்காது.

மனச்சாட்சியின் பதிவேடு ஒரு புறம் இருக்க, சட்டத்தின் பதிவேட்டையும் பார்ப்போம். பிரித்தானியக் கீழவை தன் உறுப்பினர் நலன்களுக்குப் பதிவேடு வேண்டும் என்று தீர்மானித்தது 1974இல். டோரிங்டன் அமர்ந்த பிரபுக்கள் சபைக்கு அது 1995இல்தான் வந்தது. இலங்கையில் 1975இன் முதலாம் இலக்கச் சட்டம் சொத்துக்களையும் பொறுப்புக்களையும் வெளிப்படுத்தப் பணித்தது. ஆனால் நெடுங்காலம் அந்தப் படிவங்கள் பூட்டிய அலுமாரிகளில் தூங்கின. 2016இன் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கேட்கும் உரிமையைத் தந்தது. 2023இன் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தின்படி பாராளுமன்ற உறுப்பினர் முதல் பிரதேச சபை உறுப்பினர் வரை தம் வெளிப்படுத்தலைக் கொடுக்க வேண்டும். இலஞ்ச ஊழல் ஆணைக்குழு அவற்றை இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும்.

மாத்தளை மாவட்டத்துக்குப் பாராளுமன்றத்தில் ஐந்து ஆசனங்கள் உண்டு. உக்குவளையிலும் இரத்தோட்டையிலும் எல்கடுவையிலும் வாழும் தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் சேர்ந்து தெரிவுசெய்த அந்த ஐவரின் வெளிப்படுத்தல்களை எடுத்து வாசியுங்கள். உங்கள் பிரதேச சபை உறுப்பினருடையதையும் கேளுங்கள். வாசித்த பின், அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று, காணியும் பணமும் இன்னது என்று தெரிந்துகொண்டோம், இந்த மாதம் யாருடைய வீட்டுக்குப் போனீர்கள், யாருடைய முறைப்பாட்டைக் கேட்டீர்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள். 1848 ஜூலையில் கண்டிக் கச்சேரி வாசலில் நின்றவர்களுக்குக் கிடைக்காத பதிலைக் கேட்டுப் பெறும் உரிமை இன்று உங்களுக்குச் சட்டப்படி இருக்கிறது.