நம் புண்ணின் படமும் ஓர் அமானத்தே

ஒருவர் நம் கடையில் ஒரு பொட்டலத்தைக் கொடுத்து, "அஸருக்குப் பிறகு வந்து வாங்கிக்கொள்கிறேன், வைத்திருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனால், அதை நாம் அவிழ்த்துப் பார்ப்பதில்லை. அடுத்த கடைக்காரருக்குக் காட்டுவதுமில்லை. யார் எவ்வளவு பாக்கி என்பது நம் பற்று ஏட்டில் இருக்கிறது. அதை வேறொரு வாடிக்கைக்காரர் காதில் போடுகிறவரை நாம் வியாபாரி என்றே மதிப்பதில்லை. அமானத் என்றால் என்ன என்பதை நமக்கு யாரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. அந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் எழுகிற ஒரு கேள்வியை இங்கே யோசிக்க விரும்புகிறோம். நோயாளியின் உடம்பைப் படம் பிடித்து, வைத்தியம் படிக்கும் பிள்ளைகளுக்குக் காட்டுவது முறையா? முறை என்றால் எந்த நிபந்தனையின் பேரில்?

இந்தக் கேள்வி நம் காலிலேயே வந்து முளைத்தது. இனிப்பு நீர் வியாதி நம் கூட்டத்தாருக்குப் புதிதல்ல, நமக்கும் உண்டு. வலது பெருவிரல் ஓரத்தில் ஒரு சிறு புண் கண்டது. முதலில் காட்டிய இடத்தில், "சிவப்பு ஒன்றும் இல்லை, பயப்பட வேண்டாம்" என்று மருந்து பூசி அனுப்பிவிட்டார்கள். நாலாம் நாள் கணுக்கால் வரை வீங்கி, காய்ச்சலும் கண்டு, ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தது. அங்கே ஓர் இளம் டாக்டர் வந்து கட்டை அவிழ்த்தார். சட்டைப் பையிலிருந்து தம் கைத்தொலைபேசியை எடுத்தார். இரண்டு படம் பிடித்தார். மறுபடி பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாமும் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஏன் பேசவில்லை என்பதே அன்று இரவெல்லாம் நம்மை உறுத்தியது. மொத்தக் கடைச் சீட்டில் பத்துக் காசு கூடுதலாகப் போட்டிருந்தாலும் உடனே கேட்கிற வாய் அன்று எங்கே போயிற்று? படுக்கையில் கிடக்கிறவனுக்கு ஒரு பயம் உண்டு. மறுத்தால் கவனிப்புக் குறைந்துவிடுமோ, அடுத்த முறை ஊசி போடுகிற கை சற்றுக் கடுமையாகிவிடுமோ என்கிற பயம் அது. வீண் பயமாகவே இருக்கலாம். ஆனாலும் அந்தப் பயத்தில் பிறந்த மௌனத்தைச் சம்மதம் என்று எழுதிக்கொள்வது கள்ளக் கணக்கே ஆகும்.

மறுநாள் காலை பெரிய டாக்டரம்மா வந்தார், தமிழர்தாம். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "ஐயா, உங்கள் காலைப் படம் எடுத்து, படிக்கிற பிள்ளைகளுக்குக் காட்டலாமா? முகம் வராது, பேர் வராது. வேண்டாம் என்றால் வேண்டாம். வைத்தியத்தில் ஒரு மாற்றமும் இராது" என்று கேட்டார். "இந்தப் புண்ணைப் போய் யாருக்குக் காட்டப் போகிறீர்கள், அம்மா?" என்றோம். அவர் சொன்ன பதில் நம்மைத் திடுக்கிட வைத்தது.

தோலுக்கு அடியில் கிருமி பரவினால், வெள்ளைத் தோலில் அது செக்கச்செவேல் என்று தெரிந்துவிடுமாம். நம்மைப் போன்ற கறுத்த தோலில் அப்படித் தெரியாது. ஊதா கலந்தோ, சுற்றியுள்ள இடத்தைவிடச் சற்றுக் கறுத்தோ தெரியும். சில வேளை நிறமாற்றமே கண்ணில் படாது. தொட்டுச் சூட்டையும் வீக்கத்தையும் பார்த்துத்தான் அறிய வேண்டும். ஆனால் வைத்தியப் புத்தகங்களில் உள்ள படங்களில் மிகப் பெரும்பாலானவை வெள்ளையருடைய தோலின் படங்கள். லண்டனில் செயின்ட் ஜார்ஜ் பல்கலைக்கழகத்தில் வைத்தியம் படித்த மலோன் முக்வெண்டே என்ற மாணவர் இந்தக் குறையைக் கண்டு, தம் ஆசிரியர்களோடு சேர்ந்து, கறுத்த தோலிலும் மாநிறத் தோலிலும் நோய்க்குறிகள் எப்படித் தோன்றும் என்பதைக் காட்டும் கைநூல் ஒன்றை 2020ஆம் ஆண்டு வெளியிட்டார். அத்தகைய ஒரு நூலுக்கு அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியிருந்தது!

அப்போதுதான் முதலில் காட்டிய இடத்தில் சொன்ன வார்த்தை நினைவுக்கு வந்தது. "சிவப்பு ஒன்றும் இல்லை." அவர்கள் பொய் சொல்லவில்லை. நம் நிறத்தில் இந்த நோயைப் பார்த்துப் பழகாத கண்ணாக அது இருந்திருக்கலாம். நம்மைப் போன்றவர் எல்லாரும் படம் வேண்டாம் என்று மறைத்துக்கொண்டால், அந்தக் கண் எங்கே போய்ப் பழகும்?

வைத்தியர் கற்பதற்கு யாரோ ஒருவர் கொடுத்தே ஆக வேண்டும். 1905ஆம் ஆண்டு சிங்கப்பூரில் வைத்தியப் பள்ளி தோன்றியதும் அப்படித்தான். தான் ஜியாக் கிம் என்ற சீன வியாபாரி முன்நின்று, 87,077 வெள்ளி திரட்டிக் கொடுத்த பிறகே அது பிறந்தது. அன்று வியாபாரிகளிடம் கேட்டது வெள்ளி. இன்று நோயாளியிடம் கேட்பது ஒரு படம். வெள்ளி கொடுப்பதைவிட இது கடினம் என்பதை நாம் மறுக்கவில்லை.

அப்படியானால் முதல் நாள் வந்த இளம் டாக்டர் செய்தது சரிதானே என்று சிலர் கேட்கலாம். சரியல்ல. நம் கல்லாவில் நமக்குத் தெரியாமல் கைவிட்டு, எடுத்த காசை ஏழைக்குக் கொடுத்தால் அது தர்மமாகிவிடுமா? நாமே எடுத்துக் கொடுத்தால் அல்லவா அது தர்மம்!

முகம் தெரியாதபோது என்ன நஷ்டம் என்றும் சொல்வார்கள். ஒரு தழும்பு, ஒரு மச்சம், விரலில் கிடக்கும் ஒரு மோதிரம் போதும், தெரிந்தவர் கண்டுகொள்வதற்கு. முன்பெல்லாம் வைத்தியப் புத்தகங்களில் கண்ணின் மேல் ஒரு கறுப்புப் பட்டை போட்டு அச்சிட்டார்கள். அந்த மறைப்புப் போதாது என்று இன்று வைத்தியப் பத்திரிகை ஆசிரியர்களின் சர்வதேசக் குழுவே சொல்லிவிட்டது. அன்றியும், மானம் முகத்தில் மட்டுமா இருக்கிறது?

வைத்தியத்தின் அவசியத்துக்காக ஔரத்தைத் திறந்து காட்டலாம். ஆனால் அவசியம் எவ்வளவோ அவ்வளவே என்று மதரஸாவில் ஓதியிருக்கிறோம். டாக்டர் பார்ப்பது ஓர் அவசியம். பாடத்துக்குப் படம் வைத்திருப்பது வேறு விஷயம். அதன் மார்க்கத் தீர்ப்பைச் சொல்ல ஆலிம்கள் இருக்கிறார்கள். நாம் சொல்ல வரவில்லை. ஆனால் ஒன்றுக்குக் கொடுத்த சம்மதம் மற்றொன்றுக்குச் செல்லாது என்பது வியாபாரிக்கும் விளங்கும். மாதிரிக்குக் கொடுத்த துணியை வெட்டி விற்பார் உண்டோ? நம் வைத்தியக் குறிப்பில் வைப்பது ஒன்று. வகுப்பில் மாணவருக்குக் காட்டுவது ஒன்று. புத்தகத்தில் அச்சிடுவது இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் தனியே கேட்க வேண்டும். அச்சேறிய படத்தைத் திரும்பப் பெற இயலாது என்பதையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

கேட்பது உண்மையான கேள்வியா என்பதற்கு ஒரே ஓர் அடையாளம்தான் உண்டு. இல்லை என்று சொன்னால் அந்த இல்லையை ஏற்றுக்கொள்கிறார்களா என்று பார்க்க வேண்டும். நம் உம்மாவுக்கு முதுகில் ஒரு கட்டி வந்தபோது இப்படித்தான் படம் கேட்டார்கள். "வேண்டாம் மகளே" என்றார் உம்மா. "சரிங்கம்மா" என்று அந்த டாக்டர் பேச்சை விட்டுவிட்டார். அவர் முகமும் மாறவில்லை, கவனிப்பும் மாறவில்லை. உம்மா கொடுக்காததில் குற்றமில்லை. எதைத் தம்மால் தாங்க முடியும் என்பது அவரவருக்கே தெரியும்.

நாம் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டோம். ஆஸ்பத்திரிக் காமிராவிலேயே எடுத்தார்கள். அன்று மாலை அந்த இளம் டாக்டர் வந்தபோது, "தம்பி, கேட்டிருந்தால் கொடுத்திருப்போமே" என்றோம். அவர் சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "மன்னிச்சிடுங்க ஐயா" என்று சொல்லி, நம் கண் முன்னே தம் தொலைபேசியில் இருந்த இரண்டு படங்களையும் அழித்தார்.

ஆகவே சகோதரர்களுக்கு நாம் கூறுவது இதுதான். உங்களிடம் படம் கேட்டால், வெட்கத்தால் உடனே மறுத்துவிடாதீர்கள். பயத்தால் உடனே தலையாட்டிவிடாதீர்கள். எதற்கு, யார் பார்ப்பார்கள், எதில் வைப்பார்கள், பின்னால் வேண்டாம் என்றால் நீக்குவார்களா என்று நான்கையும் கேளுங்கள். பதில் நேராக வந்தால், மனம் இடங்கொடுத்தால், கொடுங்கள். நாளை நம் பிள்ளைகளின் காலைப் பார்க்கப் போகும் டாக்டர், இன்று எங்கோ ஒரு வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்.