உதடு ஒட்டாத பாட்டு

ஏழெட்டு எழுத்தைக் கொடுத்தால், அவையெல்லாம் வருகிற நீளமான இங்கிலீஷ் வார்த்தையை கம்ப்யூட்டர் நொடியில் கொட்டிவிடுகிறது. நம்மூர் எழுத்து விளையாட்டு இதைவிடக் கஷ்டம் சார்!

17-ம் நூற்றாண்டு. திருநெல்வேலி சிந்துபூந்துறையில் வெள்ளியம்பலவாணத் தம்பிரானிடம் இலக்கணம் கற்றார் சிவப்பிரகாசர். தட்சணையாகக் கொடுத்த பொன்னைத் தம்பிரான் தொடவில்லையாம். ‘என்னை இகழ்கிற திருச்செந்தூர்ப் புலவனை ஜெயித்து வா, போதும்’ என்றாராம். பந்தயம், உதடு ஒட்டாமல் பாடுவது. ப, ம, வ கிடையாது. தோற்றவர் அடிமை! ‘முருகா’ என்று ஒருமுறைகூடக் கூப்பிடாமல் முருகனைப் பாடி ஜெயித்தார் சிவப்பிரகாசர். அதுதான் ‘திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதி’.

பொன்னை விட முடிந்த துறவிக்கு ஒரு கோபத்தை விட முடியவில்லையே? படித்த படிப்பு இன்னொருத்தரை அடிமையாக்கவா? பேசாமல் பொன்னையே வாங்கியிருக்கலாம். ஆனால், அப்புறம் அந்தப் பாட்டு நமக்குக் கிடைத்திருக்காதே... அதுதான் இடிக்கிறது.